கண்ணாடித் திரை செய்யணும் என்கிறாள் மகள்: என்ன படிக்க வைப்பது?

அன்புள்ள சகோதரிக்கு,

உயர்நிலை 4 படிக்கும் உங்கள் மகள், படமும் காட்டி, பின்னால் நிற்பவர் முகமும் தெரியும் கண்ணாடித் தொடுதிரையை ஒரு கண்காட்சியில் தொட்டுப் பார்த்துவிட்டு, "நான் இதைத்தான் செய்யப் போகிறேன், தொடக்கக் கல்லூரி வேண்டாம்" என்று பிடிவாதம் பிடிப்பதாக எழுதியிருக்கிறீர்கள். இது சோறு போடுமா என்பது உங்கள் கவலை. நியாயமான கவலைதான்.

என் பதில் இதுதான். அந்தத் திரையை நம்பிப் படிப்பைத் தேர்ந்தெடுக்க வேண்டாம். அதற்குள் நடக்கும் வேலைகளில் எது அவளை இழுக்கிறது என்று பார்த்துத் தேர்ந்தெடுங்கள்.

பொருளாகப் பார்த்தால் அது இன்னும் பரவலாகவில்லை. எல்ஜி 2024இல் காட்டிய 77 அங்குல ஒளிபுகும் தொலைக்காட்சி, அமெரிக்காவில் ஏறக்குறைய 60,000 டாலருக்கு விற்பனைக்கு வந்தது. இத்தகைய திரைகளைச் செய்யும் ஆலைகளும் பெரும்பாலும் கொரியா, சீனா, தைவான் பக்கம்தான். நம் சிங்கப்பூரில், தெம்பனிஸில் இருந்த திரை ஆலையை தைவானின் ஏயுஓ நிறுவனம் 2010இல் வாங்கி, 2023 இறுதியில் மூடிவிட்டது. இதை மகளிடம் மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.

ஆனால் அந்த ஆலையில் நடந்த வேலைகள் இங்கிருந்து போய்விடவில்லை. கண்ணாடிமேல் மிக மெல்லிய படலம் படியவைப்பது, ஒளியால் கோடு வரைவது, வேண்டாததை அரித்தெடுப்பது ஆகியவைதான் திரைக்கும் சில்லுக்கும் அடிப்படை. உட்லண்ட்ஸ், தெம்பனிஸ், பாசிர் ரிஸ் வட்டாரங்களில் இருக்கும் பகுதிமின்கடத்தி ஆலைகள் அன்றாடம் செய்வது இதைத்தான். திரைக்காக இந்த வேலையைக் கற்றவருக்கு அங்கும் கதவு திறக்கும்.

சரி, திரைக்குள் என்னதான் நடக்கிறது? ஒளிபுகும் ஓஎல்இடியில், அதாவது புள்ளிகள் தாமாகவே ஒளிவிடும் திரை வகையில், ஒவ்வொரு புள்ளியிலும் ஒரு பகுதி ஒளிவிடும், மறு பகுதி வெறுமையாக இருக்கும். அந்த வெறும் இடம் வழியாகத்தான் பின்னால் இருப்பது தெரிகிறது. இப்படிப்பட்ட பல திரைகள் பின்னாலிருந்து வரும் ஒளியில் பாதிக்கும் குறைவாகவே உள்ளே விடுகின்றன. அதனால் மேலே ஒட்டும் ஒவ்வொரு அடுக்கும் கணக்கில் வரும். தொடு உணர்வை தனிக் கண்ணாடியாக ஒட்டாமல் திரைக்குள்ளேயே வைப்பதற்கு அது ஒரு முக்கியக் காரணம். இண்டியம் டின் ஆக்சைடு போன்ற, மின்சாரம் கடத்தும் ஒளிபுகும் பொருளால் குறுக்கும் நெடுக்குமாகக் கோடுகள் போடுவார்கள். விரல் நெருங்கினால் அங்கே மின்தேக்கம், அதாவது மின்னூட்டத்தைத் தேக்கிவைக்கும் திறன், கொஞ்சம் மாறும். அந்தச் சின்ன மாற்றத்தைத்தான் சில்லு படிக்கிறது. ஆனால் பக்கத்திலேயே படம் வரையும் மின்துடிப்புகள் ஓடுகின்றனவே! அந்த இரைச்சலுக்கு நடுவில் விரலை இனம்காண, படத்துக்குக் கொஞ்ச நேரம், தொடுகைக்குக் கொஞ்ச நேரம் என்று பங்கிட்டுக்கொடுக்கும் முறையும் உண்டு. என்னைக் கேட்டால், இந்தத் துறையிலேயே மூளைக்கு நல்ல வேலை கொடுக்கும் இடம் இதுதான்.

ஆக, படலமும் பொருளும் ஒரு துறை, மின்சுற்றும் சமிக்ஞையும் இன்னொன்று, தொட்டதும் என்ன தெரிய வேண்டும் என்று வடிவமைப்பது வேறொன்று. உங்கள் மகள் எதில் சேர்த்தி என்று பேசிக் கண்டுபிடிக்க முடியாது. செய்ய விடுங்கள். சிம் லிம் டவருக்கு அழைத்துப்போய், தொடு உணர்வு உள்ளேயே இருக்கும் இஎஸ்பி32 பலகை (நிரல் எழுதி இயக்கும் சின்ன மின்னணுப் பலகை) ஒன்று வாங்கிக்கொடுங்கள். விலை அதிகமில்லை. ஒரு சின்னக் கண்ணாடித் துண்டின் பின்புறம் அலுமினியத் தாளை ஒட்டி, கம்பியால் பலகையோடு இணைத்து, முன்புறம் விரல் வைத்தால் பலகை அளந்து தரும் எண் எப்படி மாறுகிறது என்று பார்க்கட்டும். அப்புறம் கண்ணாடிமேல் ஒரு சொட்டுத் தண்ணீர் விடட்டும். எண் ஆடும். மழை பெய்யும் ஊரில் வெளியே வைக்கும் திரைக்கு இது பெரிய தலைவலி.

அந்த ஆட்டத்தை அடக்க நிரல் எழுதி உட்கார்ந்துவிட்டால் மின்னணுப் பொறியியல் அவளுக்குப் பொருந்தும். தாளுக்குப் பதில் வேறு எதை ஒட்டலாம் என்று தேடினால் பொருள் அறிவியல். எண்ணை மறந்துவிட்டு அதில் ஒரு விளையாட்டு செய்யக் கிளம்பினால் ஊடாட்ட வடிவமைப்பு. இரண்டே நாளில் மேசையில் போட்டுவிட்டால் அதுவும் ஒரு பதில்தான், அவளைக் கடிந்துகொள்ளாதீர்கள்.

பொருள் அறிவியலில் ஆராய்ச்சிவரை போக நினைத்தால் தொடக்கக் கல்லூரி வழியை அவள் தள்ளிவிட வேண்டாம். நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் அதற்கென்றே ஒரு பள்ளி உண்டு. கையால் செய்து கற்பவள் என்றால் பலதுறைத் தொழிற்கல்லூரி எந்த விதத்திலும் குறைந்ததல்ல. அங்கிருந்தும் பல்கலைக்கழகம் போகலாம். துறை இன்னும் தெளிவாகாவிட்டால், முதல் பருவத்தைப் பொதுவாகப் படித்துவிட்டுப் பிரிவைத் தேர்ந்தெடுக்கும் பொதுப் பொறியியல் திட்டம் நல்லது. எந்த வழியானாலும் கணக்கில் கவனம் இருக்கட்டும். ஆலைகளில் தொழில்நுட்பர் வேலைகள் பலவற்றில் 12 மணி நேர முறைமாற்று வேலை உண்டு என்பதையும் இப்போதே சொல்லிவையுங்கள்.

தொழிற்கல்லூரிக்கு முன்கூட்டியே விண்ணப்பிக்கும் வாய்ப்பு, தேர்வு முடிவு வரும் முன்பே, ஆண்டு நடுவில் திறக்கும். துறைமேல் உண்மையான ஆர்வம் இருக்கிறதா என்றுதான் அதில் பார்ப்பார்கள். அந்தக் கண்ணாடித் துண்டில் செய்ததை, சரிவராமல் போனதையும் சேர்த்து, அவள் தேதி போட்டு ஒரு நோட்டில் எழுதிவைக்கட்டும். நேர்காணலுக்கு அழைத்தால் அதையே கையில் எடுத்துப் போகலாம்.