செஸ் பலகையில் மனசா, கணக்கா? கேள்வி பதில்

பள்ளிப் பிள்ளைகளுக்குச் செஸ் சொல்லித்தரும் பயிற்சியாளர் ஒருவரிடம் கேட்டவை.

சார், பெரிய ஆட்டக்காரர்களுக்குப் பார்த்ததுமே நல்ல நகர்வு தோன்றிவிடுகிறதே, அது பிறவியிலேயே வருவதா?

பெரும்பங்கு பழக்கம்தான். 1973-இல் வில்லியம் சேஸ், ஹெர்பர்ட் சைமன் என்ற ஆய்வாளர்கள் இருவரும் நடத்திய சோதனை ஒன்று உண்டு. நிஜ ஆட்டத்தின் நிலை ஒன்றை 5 விநாடி காட்டி மறைத்துவிட்டு, காய்களைத் திரும்ப அடுக்கச் சொன்னார்கள். மாஸ்டர், அதாவது தேர்ந்த ஆட்டக்காரர், ஏறக்குறைய 16 காய்களைச் சரியாக வைத்தார். புதியவருக்கு 4 தேறியது. அப்புறம் காய்களைக் கண்டபடி இறைத்துக் காட்டினார்கள். மாஸ்டரின் பலமெல்லாம் போய், புதியவரோடு சமமாகிவிட்டார். காஸ்லிங் செய்த (யானையோடு சேர்த்து ஓரமாக ஒதுக்கிய) ராஜா, முன்னால் மூன்று சிப்பாய் என்று ஆயிரம் தடவை பார்த்த அமைப்பு அவர் கண்ணுக்கு ஒரே துண்டாகத் தெரிகிறது. உள்ளுணர்வு என்கிறோமே, அதன் சரக்கு இதுதான்.

அப்போ முதலில் தோன்றியதையே ஆடிவிடலாமா அண்ணா?

பிளிட்ஸ் என்கிற வேக ஆட்டத்தில் ஆடுங்கள், 3 நிமிடத்தில் வேறு வழியில்லை. நீண்ட ஆட்டத்தில் வேண்டாம்.

2024 டிசம்பர் 12, சிங்கப்பூரில் அப்போதைய சாம்பியன் டிங் லிரெனுக்கும் நம்ம குகேஷுக்கும் உலகப் பட்டத்துக்கான 14-வது ஆட்டம் டிராவை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. 55-வது நகர்வில் டிங் யானையை எஃப்2 கட்டத்துக்குக் கொண்டுவந்தார். யானைகள் வெட்டுப்பட்டால் நிலை எளிதாகும் என்று பழகிய கைக்குத் தோன்றும் இடம் அது. ஆனால் யானைகள் போனதும் பிஷப்புகளையும் வெட்டிக்கொள்ள வழி இருந்தது. மிஞ்சுவது ராஜாவும் சிப்பாயும். குகேஷிடம் ஒரு சிப்பாய் கூடுதல், அந்த நிலையில் ஜெயிக்க அதுவே போதும். குகேஷுக்கே இது உடனே படவில்லை, வேறு நகர்வு ஆடவிருந்ததாகப் பிறகு சொன்னார். கையை நிறுத்திப் பார்த்தார், 18 வயதில் சாம்பியன்!

மனசு ஒன்று சொல்கிறது, கணக்கு வேறு சொல்கிறது. எதைக் கேட்பது?

கணக்கு மேட் வரைக்கோ காய் லாபம் வரைக்கோ தெளிவாகப் போனால் கணக்கை. பாதியில் மங்கினால் மனசை. முன்னாள் உலகச் சாம்பியன் மிகயில் தால் கொடுத்த காய்ப் பலிகளில் பலவற்றில் பின்னாளில் ஓட்டை கண்டுபிடித்தார்கள். மேசையில் கடிகாரம் ஓடும்போது எதிராளியால் முடியவில்லையே!

கம்ப்யூட்டருக்கு வெறும் கணக்குதானே சார்?

அப்படித்தான் நானும் நினைத்திருந்தேன், ஆல்ஃபாஜீரோ என்ற செஸ் நிரல் வரும்வரை. 2017-இல் ஸ்டாக்ஃபிஷ் என்ற இன்னொரு செஸ் நிரலுடன் அது மோதிய 100 ஆட்டங்களில் 28 வெற்றி, 72 டிரா. ஸ்டாக்ஃபிஷ் விநாடிக்கு 7 கோடி நிலைகளை அலசியது. ஆல்ஃபாஜீரோ வெறும் 80 ஆயிரம். எந்த நிலையைப் பார்ப்பது, எதை விடுவது என்று அதற்குத் தனக்குத்தானே எதிராக ஆடிய ஆட்டங்களால் பழகியிருந்தது.

செஸ்ஸில் வளர்ந்த உள்ளுணர்வை நம்பிப் பங்குச்சந்தையில் இறங்கலாமா?

ஐயோ, வேண்டாம். உள்ளுணர்வைச் சந்தேகித்த உளவியலாளர் டேனியல் கானமனும், தீயணைப்பு வீரர்களிடம் அதைக் கண்டு வியந்த இன்னொரு உளவியலாளர் கேரி கிளைனும் 2009-இல் சேர்ந்து எழுதியபோது ஒத்துப்போன இடம் இது: உள்ளுணர்வை நம்ப, சூழலில் ஒழுங்கு இருக்க வேண்டும், செய்த தவறு சீக்கிரம் தெரிய வேண்டும். செஸ்ஸில் மூன்றே நகர்வில் குதிரை பறிபோய்த் தவறு தெரிந்துவிடும். சந்தையில் லாபம் வந்தாலும், அது உங்கள் சாமர்த்தியமா, சந்தையே ஏறியதா என்று எப்படிச் சொல்வீர்கள்?