அனீமியா, ஆப்னியா, அரித்மியா: 'அ' வந்தாலே 'இல்லை' என்று அர்த்தமா?

கேள்வி (வாசகி, கோத்தகிரி): முகாமில் ரத்தம் எடுத்தார்கள். ஹீமோகுளோபின் 10.2, அனீமியா என்று எழுதிக் கொடுத்தார்கள். 'அன்' என்றால் இல்லை, 'ஈமியா' என்றால் ரத்தம், உங்களுக்கு ரத்தமே இல்லை அத்தை என்று மருமகள் பயமுறுத்துகிறாள். லேப்பில் அனிமியா என்கிறார்கள், டாக்டர் அனீமியா என்கிறார். எது சரி?

பதில்: மருமகள் பிரித்தது சரிதான், அர்த்தம் எடுத்ததுதான் தப்பு. கிரேக்கத்தில் 'அ' அல்லது 'அன்' முன்னால் வந்தால் 'இல்லை' என்று பொருள். நாம் அநியாயம், அசௌகரியம் என்று தினமும் சொல்வதிலும் இதே 'அ'தான் இருக்கிறது. அது சமஸ்கிருதம் வழியாக வந்தது, கிரேக்கமும் சமஸ்கிருதமும் ஒரே மொழிக் குடும்பம். உயிரெழுத்து வந்தால் 'அன்' ஆகிவிடும், அனாவசியம் மாதிரி. ரத்தத்துக்கு கிரேக்கச் சொல் 'ஹைமா', அதில் ஹ ஒலி அடங்கிப்போய் அன்+ஐமா சேர்ந்து வந்ததுதான் அனீமியா. 'னீ' நெடில், அழுத்தமும் அங்கேதான், ஆகவே டாக்டர் சொல்வது சரி. ரிப்போர்ட்டில் ஏ, ஈ இரண்டு எழுத்தும் சேர்ந்திருந்தால் பிரிட்டிஷ் எழுத்து முறை, ஈ மட்டும் இருந்தால் அமெரிக்க முறை, இரண்டும் ஒரே நோய்தான்.

ஆனால் மருத்துவத்தில் இந்த 'இல்லை' பெரும்பாலும் 'போதவில்லை' என்கிற அளவில்தான் நிற்கும். அனூரியா என்றால் சிறுநீரே இல்லை என்று சொல்லுக்கு அர்த்தம், ஆனால் ஒரு நாளைக்கு 100 மில்லிக்குக் கீழே போனாலே அப்படித்தான் எழுதுவார்கள். கர்ப்பமில்லாத பெண்களுக்கு உலக சுகாதார நிறுவனம் வைத்திருக்கும் கோடு 12, உங்களுக்கு 10.2, அதாவது நடுத்தரமான குறைவு. இன்னொன்று, மலையில் காற்றில் ஆக்சிஜன் குறைவு என்பதால் உடம்பு அதை ஈடுகட்டக் கொஞ்சம் அதிகமாகவே ஹீமோகுளோபின் செய்துகொள்ளும், அதனால் உயரமான ஊர்க்காரர்களுக்கு அந்தக் கோட்டையே சற்று மேலே தூக்கிப் பார்க்க வேண்டும் என்கிறார்கள். கீழே மேட்டுப்பாளையத்தில் 12 வந்தால் பரவாயில்லை, ஊட்டியில் அதே 12 கொஞ்சம் யோசிக்க வேண்டிய 12.

அப்புறம், சாப்பிட்ட கையோடு டீ குடிக்கிற நம்ம ஊர்ப் பழக்கம். டீயில் உள்ள டானின் இரும்புச் சத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும், உடம்புக்குச் சேர விடாது. டீயை விடச் சொன்னால் நீலகிரியில் யார் கேட்பார்கள், அதனால் சாப்பாட்டுக்கும் இரும்பு மாத்திரைக்கும் ஒரு மணி நேரமாவது தள்ளிக் குடியுங்கள்.

கேள்வி (வாசகர், கூடலூர்): என் தங்கை மகளுக்கும் அனீமியாதான். ஆனால் இரும்பு மாத்திரை வேண்டாம் என்கிறார்கள். ஏன்?

பதில்: அனீமியா என்பது நோயின் பெயர் மாதிரி இருந்தாலும் உண்மையில் ஒரு அறிகுறிதான், காரணம் பல. உங்கள் பக்கத்தில் முதலில் சந்தேகப்பட வேண்டியது அரிவாள் செல் சோகை. இந்தியாவில் இது முதன்முதலில் பதிவான இடங்களில் நீலகிரியும் ஒன்று, 1952-ல் லேமன், கட்புஷ் என்ற இரு ஆய்வாளர்கள் இங்குள்ள பழங்குடி மக்களிடம் கண்டு எழுதினார்கள். இதில் ஹீமோகுளோபினின் அமைப்பே மாறியிருக்கும். ஆக்சிஜன் குறையும்போது சிவப்பணு அரிவாள் மாதிரி வளைந்து, சீக்கிரம் உடைந்து, சின்ன ரத்தக்குழாய்களை அடைத்துக்கொள்ளும், மூட்டு மூட்டாக வலி வரும். இரும்புக் குறைவால் வந்தது அல்ல என்பதால் இரும்பைக் கொட்டினாலும் இது சரியாகாது. பெற்றோரிடமிருந்து வருவது, ஆகவே கூடப் பிறந்தவர்களுக்கும் பரிசோதனை செய்துவிடுங்கள். பனிக்காலத்தில் பிள்ளைக்குக் குளிர் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள், தண்ணீர் நிறையக் கொடுங்கள், இரண்டுமே வலி வருவதைக் குறைக்கும்.

கேள்வி (வாசகி, குன்னூர்): கணவருக்குக் குறட்டை. ஸ்லீப் ஆப்னியா என்றார்கள். நியூமோனியாவில் 'பி' எழுத்து இருந்தும் சொல்வதில்லை, இதில் மட்டும் ஏன் 'ப்' வருகிறது?

பதில்: நல்ல கேள்வி. இரண்டிலும் இருப்பது மூச்சைக் குறிக்கும் ஒரே கிரேக்க வேர். ஆங்கிலத்தில் 'ப்ந' என்று ஒரு சொல் தொடங்கினால் ப் ஊமையாகிவிடும். முன்னால் 'அ' வந்து உட்கார்ந்ததும் அதற்குப் பிடிமானம் கிடைத்து ஒலிக்கிறது. ஆப்னியா, அப்னியா, எப்படிச் சொன்னாலும் 'ப்' கேட்க வேண்டும். தூக்கத்தில் மூச்சு 10 விநாடிக்கு மேல் நின்றால் அதை ஒரு ஆப்னியா என்று கணக்கெடுப்பார்கள். குறட்டை சட்டென்று நின்று, கொஞ்ச நேரம் கழித்துத் திணறலோடு மறுபடி தொடங்குகிறதா என்று கவனித்து டாக்டரிடம் சொல்லுங்கள், இதைத் தூங்குகிறவர் சொல்ல முடியாது.

கேள்வி (வாசகர், ஊட்டி): அப்படியானால் ஆஸ்துமா, அனாடமி, அரித்மியா எல்லாவற்றிலும் இதே 'அ'தானா?

பதில்: அரித்மியாவில் மட்டும் ஆமாம். அதிலும் இதயத்துக்குத் தாளமே இல்லை என்றில்லை, தாளம் தப்புகிறது. ஆஸ்துமா என்பது மூச்சிரைப்புக்கான முழுச் சொல், பிரிக்கக் கூடாது. அனாடமியில் இருப்பது 'அனா', முழுச் சொல்லுக்கும் சேர்த்து வெட்டித் திறப்பது என்று பொருள். அனஸ்தீசியாவை விட்டுவிட்டீர்களே, அதில் 'அன்' உண்டு, உணர்வில்லை என்று அர்த்தம். 1846-ல் ஈதர் கொடுத்து அறுவை செய்ய ஆரம்பித்தபோது அமெரிக்க டாக்டர் ஆலிவர் வெண்டல் ஹோம்ஸ் முன்மொழிந்த பெயர். நாம் அதை மயக்க ஊசி என்று சொல்லிச் சொல்லி, பல் பிடுங்கப் போகிறவரைக்கூட மயங்கிவிடுவோமோ என்று பயப்பட வைத்திருக்கிறோம். அங்கே போடுவது மரத்துப்போகிற ஊசிதான், பிடுங்கி முடிக்கும்வரை நீங்கள் விழித்துத்தான் இருப்பீர்கள்.