விசிலுக்கு முன் விழுந்த கோல்

கேள்வி: 2023 மார்ச் 3 அன்று பெங்களூருவில் நடந்த ஐ.எஸ்.எல். (இந்தியன் சூப்பர் லீக்) கால்பந்து பிளே ஆஃப் ஆட்டத்தில், கேரளா பிளாஸ்டர்ஸ் வீரர்கள் தடுப்புச் சுவர் அமைத்து முடிப்பதற்குள் பெங்களூரு அணியின் சுனில் சேத்ரி அடித்த ஃப்ரீ கிக்கை (எதிரணியின் தவறுக்காகக் கிடைக்கும் உதை) நடுவர் கோலாக ஏற்றது நியாயமா? எங்கள் கடையில் கூடி ஆட்டம் பார்த்தவர்களுக்கு இன்றும் மனம் ஆறவில்லை.
– வாசகர், காரைக்குடி

பதில்: உங்கள் கோபம் புரிகிறது, ஆனால் விதி சேத்ரியின் பக்கம் சாய்கிறது. ஃப்ரீ கிக் அடிக்க விசிலுக்காகக் காத்திருக்க வேண்டும் என்ற கட்டாயம் பொதுவாக இல்லை. எதிரணியினர் 9.15 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும் என்பது அடிப்பவருக்குத் தரப்பட்ட சலுகையே. அதை வேண்டாமென்று அவர் உடனே அடித்துவிடலாம். விசிலுக்குப் பிறகே அடிக்க வேண்டும் என்று நடுவர் முன்கூட்டியே உணர்த்தியிருந்தால் மட்டுமே கதை மாறும். அப்படி உணர்த்தினாரா என்பதில்தான் முழுச் சண்டையும் இருக்கிறது. காணொளி உதவி நடுவர் முறை அப்போது ஐ.எஸ்.எல்.லில் இல்லாததால், களத்தில் நின்றவரின் கண்ணே இறுதித் தீர்ப்பாயிற்று. (சிறாவயல் மஞ்சுவிரட்டில் மாட்டை முதலில் அணைத்தவர் யார் என்று மறுநாள் வரை வாதாடும் ஊர்க்காரர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.)

எனக்கு வருத்தம் வேறிடத்தில். கோல் விழுந்தது 96-ஆவது நிமிடத்தில். 30 நிமிடக் கூடுதல் நேரத்தில் 20 நிமிடத்துக்கும் மேல் மீதமிருந்தது. அதைச் சமன் செய்ய முயலாமல், கேரளா பயிற்சியாளர் இவான் வுகோமனோவிச் அணியை வெளியே அழைத்துச் சென்றார். விளைவு, அணிக்கு 4 கோடி ரூபாய் அபராதம், அவருக்கு 10 ஆட்டங்களில் தடை. நடுவர் பிழை செய்தார் என்றே வைத்துக்கொண்டாலும், அந்த 20 நிமிடங்களைப் பறித்தவர் அவரல்லர்.