காய்ச்சல் கண்ட குழந்தையும் பூட்டப்பட்ட காரும்

கேள்வி: நானும் கணவரும் சென்னையில் தனியார் அலுவலகங்களில் வேலை செய்கிறோம். எங்கள் இரண்டு வயது மகனுக்குக் காய்ச்சல் என்றால் காப்பகத்தில் சேர்த்துக்கொள்வதில்லை. அந்நாட்களில் மடிப்பாக்கத்திலிருந்து என் சித்தி காரில் வந்து மாலை வரை பார்த்துக்கொள்வார். விருந்தினர் வண்டி இரண்டு மணி நேரத்துக்கு மேல் நிற்கக் கூடாது என்று வாட்ஸ்அப்பில் அறிவித்த எங்கள் குடியிருப்போர் சங்கம், சென்ற மாதம் அவர் காரின் சக்கரத்தைப் பூட்டி, ஆயிரம் ரூபாய் வாங்கிய பின்பே விடுவித்தது. தெருவில் நிறுத்தினால், தாமே வைத்த 'நோ பார்க்கிங்' பலகையைக் காட்டி எதிர்வீட்டுக்காரர் தகராறு செய்கிறார். என் அலுவலகத்தில் எண்பது பேர் இருந்தும் காப்பகம் இல்லை. என்ன செய்யலாம்?

பதில்: விருந்தினர் வண்டிகளுக்கு நேர வரம்பு விதிக்கவே சங்கத்துக்கு அதிகாரமில்லை என்று வாதிடாதீர்கள், அந்த வாதம் நிற்காது. குடியிருப்பின் பொது இடத்தை ஒழுங்குபடுத்துவது சங்கத்தின் வேலைதான். ஆனால் உங்கள் சங்கம் 1975ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின்படி பதிவானதாக இருந்தால், அதன் துணைவிதிகளை (பை-லா) சிறப்புத் தீர்மானம் நிறைவேற்றியே திருத்த முடியும், திருத்தத்தையும் பதிவாளரிடம் பதிவு செய்தாக வேண்டும். துணைவிதியில் இல்லாத அபராதத்தைச் செயலாளரின் வாட்ஸ்அப் செய்தியைக் காட்டி வசூலிக்க இயலாது. அதுவும் உங்கள் சித்தி சங்கத்தின் உறுப்பினரே அல்லர். சக்கரத்தைப் பூட்டியது இன்னும் மோசம். போக்குவரத்துக் காவல்துறைக்கு இருக்கும் அதிகாரத்தைச் சங்கம் தானாக எடுத்துக்கொள்ள முடியாது.

எனவே, எந்தத் துணைவிதியின்படி, எந்தத் தேதித் தீர்மானத்தின்படி பணம் பெறப்பட்டது என்று கேட்டு, அதைத் திருப்பித் தருமாறு பதிவு அஞ்சலில் கடிதம் அனுப்புங்கள். கூடவே, அனுமதிக்கப்பட்ட கட்டட வரைபடத்தின் நகலை, அனுமதி வழங்கிய சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமத்திடமோ (சி.எம்.டி.ஏ.) மாநகராட்சியிடமோ தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்டுப் பெறுங்கள். விருந்தினருக்கென வரைபடத்தில் காட்டப்பட்ட இடத்தைக் கட்டுநர் யாருக்காவது விற்றுவிட்டு, அந்த நெருக்கடியைச் சங்கம் உங்கள் தலையில் இறக்குவதும் நடக்கக்கூடியதே. திறந்தவெளி வாகன நிறுத்துமிடம் பொதுப் பகுதி என்று 2016ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம் சொல்கிறது. கட்டடத்தின் அடியில் தூண்களுக்கிடையே உள்ள தூண்தள நிறுத்துமிடத்தைத் தனிச் சொத்தாகக் கட்டுநர் விற்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2010இல் நஹல்சந்த் வழக்கில் தீர்ப்பளித்தது. அது மகாராஷ்டிரச் சட்டத்தை வைத்து எழுந்த வழக்கு என்பதால், இங்கே அப்படியே பொருந்தும் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

தெருவைப் பொறுத்தவரை விடை எளிது. பொதுச் சாலையில் நிறுத்தத் தடை விதிப்பது அரசும் அது அதிகாரமளித்த அமைப்புகளும் செய்ய வேண்டியது. வீட்டுக்காரர் பலகைக்குச் சட்ட வலு இல்லை. ஆயினும் அவருடைய வாசலை மறித்து நிறுத்தினால் தவறு உங்கள் பக்கம் வந்துவிடும்.

இனி அலுவலகம். ஐம்பது அல்லது அதற்கு மேற்பட்டோர் பணிபுரியும் நிறுவனம் குழந்தைகள் காப்பக வசதி செய்து தர வேண்டும், தாய் ஒரு நாளில் நான்கு முறை சென்று பார்க்க அனுமதிக்க வேண்டும் என்பது மகப்பேறு நலச் சட்டத்தில் 2017இல் சேர்ந்த 11ஏ பிரிவு. அச்சட்டத்தின் இடத்துக்கு இப்போது வந்துள்ள சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம், 2020இன் 67ஆம் பிரிவிலும் அக்கடமை தொடர்கிறது. நிர்வாகத்திடம் எழுத்தில் கேட்டு, பதில் வராவிட்டால் தொழிலாளர் துறையிடம் புகார் கொடுக்கலாம். ஆனால் காய்ச்சல் கண்ட குழந்தையை அந்தக் காப்பகமும் சேர்த்துக்கொள்ளத் தயங்கும் என்பதால், உங்கள் அவசரத்துக்கு அது மருந்தாகாது.

அதற்கு உதவுவது அதிகம் பேசப்படாத ஒரு பழைய சட்டம். தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம், 1947இன் 25ஆம் பிரிவு, ஆண்டு விடுமுறையும் நோய் விடுப்பும் போக, நியாயமான எந்தக் காரணத்துக்கும் ஆண்டுக்கு 12 நாட்கள் வரை ஊதியத்துடன் தற்செயல் விடுப்பு அளிக்கிறது. நிர்வாகப் பொறுப்பில் இருப்போருக்கு இது பொருந்தாது. காப்பக விதி தாயை மட்டுமே நினைத்து எழுதப்பட்டிருக்கிறது. இந்த விடுப்போ ஆண், பெண் இருவருக்கும் உரியது. ஆகவே உங்கள் கணவரும் அவருடைய அலுவலகத்தில் இதைக் கேட்கலாம், கேட்கத்தான் வேண்டும். விண்ணப்பத்தை அன்று காலையிலேயே மின்னஞ்சலில் அனுப்பி, மருத்துவர் சீட்டின் படத்தையும் இணைத்துவிடுங்கள். மறுத்தால் அதையும் எழுத்தில் தருமாறு கேளுங்கள்.