‘நீங்களாகவே எழுதிக் கொடுங்கள்’ என்றால் கையெழுத்துப் போடலாமா?

கேள்வி: எனக்கு வயது 52. கோவையில் ஒரு பம்ப் தயாரிக்கும் கம்பெனியில் 26 வருடமாக லேத் டர்னர். அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்ந்து 20,800 ரூபாய். கம்ப்யூட்டரில் இயங்கும் சி.என்.சி. மெஷின்கள் வந்த பிறகு, ஐம்பதைத் தாண்டியவர்களை ஒவ்வொருவராக அழைத்து, “நீங்களாகவே ராஜினாமா எழுதிக் கொடுங்கள், கணக்கை முடித்துத் தருகிறோம்” என்கிறார்கள். போன வருடம் சேர்ந்த பையன்களைத் தொடுவதில்லை. மகள் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு. நான் என்ன செய்வது?

பதில்: அந்தக் காகிதத்தில் கையெழுத்துப் போடாதீர்கள், ஐயா. மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

இப்படி வரும் கடிதங்களை நிறையப் பார்த்திருக்கிறேன். பெரும்பாலும் ஆங்கிலத்தில் தட்டச்சு செய்து தயாராக இருக்கும். ‘சொந்தக் காரணங்களுக்காக வேலையிலிருந்து விலகுகிறேன்’ என்று ஒரே வரி. ஒருவர் கொண்டுவந்ததில் தேதி எழுதும் இடம் காலியாக விடப்பட்டிருந்தது. அவர்களுக்குத் தோதான நாளைப் பிறகு நிரப்பிக்கொள்ளலாம் அல்லவா! அந்த ஒரு வரியால் உங்களுக்கு எவ்வளவு நஷ்டம் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள்.

கிராஜுவிட்டி, அதாவது வருடத்துக்கு 15 நாள் சம்பளம் என்று கணக்கிடும் பணிக்கொடை, ராஜினாமா செய்தாலும் வரும். மாதத்துக்கு 26 வேலை நாள் என்று வைத்து 20,800ஐ வகுத்தால் நாளொன்றுக்கு 800 ரூபாய். 15 நாளுக்கு 12,000. அதை 26 வருடத்தால் பெருக்கினால் 3,12,000. “கணக்கை முடித்துத் தருகிறோம்” என்று அவர்கள் சொல்வது பெரும்பாலும் இதையும் பி.எஃப். பணத்தையும்தான். இரண்டும் ஏற்கெனவே உங்களுடையவை.

கம்பெனியே ஆட்குறைப்பு செய்து உங்களை அனுப்பினால் கணக்கு வேறு. ஒரு மாத எழுத்துபூர்வ நோட்டீஸ் அல்லது அதற்கான சம்பளம் தர வேண்டும். அதோடு, பணிசெய்த ஒவ்வொரு வருடத்துக்கும் 15 நாள் சராசரிச் சம்பளம் இழப்பீடு. இங்கே 26ஆல் வகுப்பதில்லை; உங்கள் மாதச் சம்பளத்தில் பாதி, 10,400. 26 வருடத்துக்கு 2,70,400. நோட்டீஸ் சம்பளத்தையும் கூட்டினால் 2,91,200. இது கிராஜுவிட்டிக்கு மேல் வர வேண்டிய தொகை. நீங்களாக விலகினால் ஒரு ரூபாய்கூட வராது. 1947ஆம் வருட தொழில் தகராறு சட்டத்தில் இருந்த இந்தப் பாதுகாப்பு, 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்திருக்கும் தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பிலும் அப்படியே இருக்கிறது.

இன்னொன்றும் இருக்கிறது. உங்கள் 26 வருடம் உங்களுக்குப் பாரமாகிவிட்டது போல எழுதியிருக்கிறீர்கள். சட்டம் அதை நேர்மாறாகப் பார்க்கிறது. ஒரே பிரிவில் ஆட்குறைப்பு செய்யும்போது, கடைசியாகச் சேர்ந்தவர்தான் முதலில் போக வேண்டும். அந்த வரிசையை மாற்றினால் நிர்வாகம் காரணத்தை எழுதி வைக்க வேண்டும். போன வருடம் வந்த பையனை வைத்துக்கொண்டு உங்களை அனுப்புவது அவ்வளவு சுலபமில்லை. ராஜினாமா கேட்பதே அதனால்தான்.

ஒரு ஓட்டையையும் சொல்லிவிடுகிறேன். சி.என்.சி. ஆபரேட்டர் தனிப் பிரிவு, பழைய லேத் தனிப் பிரிவு என்று நிர்வாகம் வாதிடலாம். எனவே சி.என்.சி.யில் பயிற்சி வேண்டும் என்று இந்த வாரமே எழுத்தில் கேளுங்கள்; நகலில் முத்திரையோ கையெழுத்தோ வாங்கிக்கொள்ளுங்கள். அவர்கள் மறுத்தால் அதுவும் பின்னால் உதவும் ஆவணமே. டிராயிங் படிக்கவும், மைக்ரோமீட்டர் பிடிக்கவும், எந்த உலோகத்தை எந்த வேகத்தில் கடைவது என்றும் தெரிந்த உங்களுக்கு புரோகிராம், ஆஃப்செட் எல்லாம் சில மாதத்தில் பிடிபடும். ஐ.டி.ஐ. சான்றிதழ் இல்லையென்றால், அனுபவத்தை வைத்துத் தனித்தேர்வராகத் தொழில் தேர்வு எழுத அரசு ஐ.டி.ஐ.யில் விசாரியுங்கள்.

திடீரென்று ‘சூப்பர்வைசர்’ பதவி கொடுத்தாலும் யோசியுங்கள். மேற்பார்வை வேலையில் மாதம் 18,000க்கு மேல் வாங்குபவர் தொழிலாளர் என்ற வரையறைக்குள் வரமாட்டார். மேலே சொன்ன பாதுகாப்பு போய்விடும். நீதிமன்றங்கள் பதவியின் பெயரைப் பார்ப்பதில்லை, செய்யும் வேலையைத்தான் பார்க்கின்றன என்பது உண்மை. ஆனால் அதை நிரூபிக்க நீங்கள் அலைய வேண்டியிருக்கும்.

மிரட்டிக் கையெழுத்து வாங்கிவிட்டால், ராஜினாமா ஏற்கப்படுவதற்கு முன் அன்றே திரும்பப் பெறும் கடிதத்தை ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்புங்கள். எப்படி, யார் முன்னிலையில் வாங்கினார்கள் என்பதையும் அதில் எழுதுங்கள். அடுத்து, தொழிலாளர் உதவி ஆணையர் அலுவலகத்தில் சமரசத்துக்கு மனு. அங்கே முடியாவிட்டால் வழக்கு. முன்பு மூன்று வருடம் அவகாசம் இருந்தது, புதிய சட்டத்தில் இரண்டே வருடம். தள்ளிப் போடாதீர்கள். சங்கம் இருந்தால் முதல் நாளே அவர்களிடம் சொல்லிவிடுங்கள்.

ஒருவேளை நல்ல தொகையோடு விருப்ப ஓய்வுத் திட்டம் தந்தால்? எழுத்தில் தரட்டும். உங்கள் நிலையாணையில் (கம்பெனியின் பணி விதிகளில்) ஓய்வு வயது 58 என்றிருந்தால் இன்னும் ஆறு வருடச் சம்பளமே 15 லட்சத்தை நெருங்குகிறது. பேச்சை அங்கிருந்து தொடங்குங்கள்.

பி.எஃப். பாஸ்புக்கில் பெயரும் பிறந்த தேதியும் ஆதாரோடு ஒத்துப்போகின்றனவா என்று இப்போதே பாருங்கள். வேலை போனாலும் பென்ஷனை அவசரப்பட்டு ஆரம்பிக்க வேண்டாம். 50 வயதிலிருந்து வாங்கலாம், ஆனால் 58க்கு முன் வாங்கும் ஒவ்வொரு வருடத்துக்கும் 4 சதவீதம் குறையும்; அந்தக் குறைவு ஆயுளுக்கும் தொடரும்.

நாளை உங்களை அழைத்தால் கோபப்பட வேண்டாம். “வீட்டில் காட்டிப் படித்துவிட்டுச் சொல்கிறேன் சார்” என்று நகலைக் கேளுங்கள். தர மறுத்தால் வெளியே வந்ததும் தேதி, நேரம், யார் என்ன சொன்னார் என்று ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். நியமன உத்தரவு, சம்பளச் சீட்டுகள், அடையாள அட்டை மூன்றின் நகலையும் இன்றிரவே மகளின் போனில் படமெடுத்து வைக்கச் சொல்லுங்கள்.