ஜனவரியின் ஆறும் ஜூலையின் ஆறும்

கேள்வி: என் அப்பா திருகோணமலை நிலாவெளியில் கரைவலை இழுப்பவர். நாலு வருடமாக நாரி நோ (இடுப்பு வலி). ஒரு சுகாதார ஆய்வில் சேர்ந்திருக்கிறார். இடைக்கிடை வந்து, "போன கிழமை வலி 0 இலிருந்து 10 வரை எவ்வளவு?" என்று கேட்பார்கள். ஜனவரியில் 6 என்றார், ஜூலையிலும் 6 என்கிறார். எனக்கென்றால் அவர் தேறியிருப்பதாகவே தெரிகிறது. இந்தக் கணக்கை நம்பலாமா?

பதில்: அப்பா பிழையாகச் சொல்லவில்லை. ஆனால் இரண்டும் ஒரே ஆறு இல்லை.

ஜனவரியில் மாரி. கடல் கொந்தளிப்பு, வலை கரையில் கிடக்கும். வீட்டோடு இருந்தபோதே 6. ஜூலையில் நாள் முழுக்க வலை இழுத்தும் 6. வேலை கூடியும் நோ கூடவில்லை என்றால் நானும் உங்கள் பக்கம்தான். படிவத்திலோ "மாற்றமில்லை" என்றுதான் பதிவாகியிருக்கும். மூன்று மாதத்துக்கு மேல் நீடிப்பதைத்தான் நாட்பட்ட வலி என்கிறோம். அவ்வளவு காலத்தில் மனிதர் தன் வாழ்க்கையையே அதற்கேற்ப மாற்றிக்கொள்வார். எண் மட்டும் அதைக் காட்டாது.

அடுத்தது, "போன கிழமை" என்ற கேள்வி. ஞாபகம் சராசரி பார்ப்பதில்லை. குடல் உட்காட்டிப் பரிசோதனை செய்துகொண்டவர்களிடம் கானமன், ரெடெல்மையர் என்ற ஆய்வாளர்கள் கேட்டு 1996 இல் எழுதினார்கள்: மனதில் நின்றது மிக மோசமான கணமும் கடைசிக் கட்டமும்தான், எவ்வளவு நேரம் நீடித்தது என்பதல்ல. வலை இழுத்துக் களைத்த மாலையில் கேட்டால் கிழமை முழுக்க அந்த மாலையாகவே தெரியும். வலையின் சொந்தக்காரரான சம்மாட்டி பக்கத்தில் நின்றால் எண் இன்னும் வேறு!

சொல்லும் இடறும். "வலி" என்று கேட்டால் குத்தை மட்டும் எண்ணி, உளைவையும் விறைப்பையும் விட்டுவிடுவார் சிலர். கேட்பவரிடம் அதைத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள்.

சரி, வீட்டில் என்ன செய்யலாம்? ஒரு கொப்பி போதும். இரவுச் சாப்பாட்டுக்கு முன், அன்றைய நாளுக்கு மட்டும்: கூடிய நோ, குறைந்த நோ, இப்போதைய நோ. எத்தனை பனடோல் போட்டார், வலைக்குப் போனாரா என்றும் எழுதுங்கள். அப்புறம், இருந்த இருப்பில் எவ்வளவு நேரம் வலை பொத்த முடிந்தது என்பதையும் குறியுங்கள். மாரியிலும் கோடையிலும் செய்கிற வேலை என்பதால் எண்ணைவிட அதை நான் நம்புவேன். முந்திய பக்கத்தைப் பார்க்காமல் சொல்லட்டும், நீங்கள் எடுத்துக்கொடுக்க வேண்டாம்.

6 ஒருநாள் 5 ஆனதும் துள்ள வேண்டாம். ஏறக்குறைய 2 புள்ளியோ 30 வீதமோ குறைந்து நின்றால்தான் உண்மையான தேற்றம் என்று பொதுவாக எடுப்பார்கள். நோ உச்சத்தில் இருக்கும்போதுதான் பலர் ஆய்வில் சேர்வார்கள், பிறகு அது தானாகவே கொஞ்சம் இறங்குவதும் உண்டு. ஒப்பிட இன்னொரு குழுவை வைப்பது அதற்காகத்தான்.

கொப்பியை ஆய்வுக்காரரிடமும் கிளினிக்கிலும் காட்டுங்கள். கால் மரத்தாலோ, பலம் குறைந்தாலோ, சலம் போவதில் மாற்றம் தெரிந்தாலோ ஆய்வுக்காரர் வரும்வரை காத்திராமல் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள்.