திபெத் வெள்ளிக் காசுகள்: வாசகர் கேள்விகள்

பாதியாக வெட்டிய தங்கா (திபெத்திய வெள்ளிக் காசு) ஒன்று விலைக்கு வந்தது. உடைந்த காசை வாங்கலாமா?

வாங்குங்கள். அது உடைந்ததல்ல, சில்லறைக்காக வெட்டியது. திபெத்தில் வெகுகாலம் சின்ன மதிப்புக் காசுகளுக்குப் பஞ்சம். அதனால் தங்காவையே துண்டு போட்டுக் கொடுத்து வாங்கினார்கள். கா-தென் என்ற வகைத் தங்காவின் ஒரு பக்கம் குடை, இரட்டை மீன், கலசம், தாமரை, சங்கு, முடிச்சு, கொடி, சக்கரம் என எட்டு மங்கலச் சின்னங்கள் வட்டமாக இருக்கும். உங்கள் துண்டில் எவை மிஞ்சியிருக்கின்றன என்று பாருங்கள். வெட்டு விளிம்பையும் தடவிப் பாருங்கள். பலர் கைமாறிய துண்டென்றால் அந்த விளிம்பும் காசின் முகத்தைப் போலவே மழுங்கியிருக்கும். நேற்று வெட்டியது விரலில் உறுத்தும், வெட்டிய இடம் மட்டும் பளிச்சென்று இருக்கும். முழுக் காசைவிட எனக்கு இந்தத் துண்டுகள்மேல்தான் ஆசை அதிகம்.

இந்திய ரூபாய் போலவே இருக்கிறது, ஆனால் விக்டோரியா இல்லை, தொப்பி வைத்த ஆண் முகம். என்ன காசு?

சீச்சுவான் ரூபாய். திபெத்தில் இந்திய ரூபாய்க்கு இருந்த செல்வாக்கைக் குறைக்க, 1902 வாக்கில் சீனாவின் சீச்சுவான் மாகாணத்துச் செங்டு நகரில் அடிக்கத் தொடங்கினார்கள். முகம் சீனப் பேரரசர் குவாங்சுவினுடையது என்பார்கள். எடை சுமார் 11.4 கிராம். பிற்காலக் காசுகளில் வெள்ளி குறைவு. அரை, கால் ரூபாய்கள் அரிது, கிடைத்தால் விடாதீர்கள். ஆனால் இதில் போலிகள் ஏராளம். காந்தத்தில் ஒட்டவில்லை என்பதை மட்டும் நம்ப வேண்டாம், பித்தளையும் ஒட்டாது. எடை போடுங்கள். அப்புறம் லென்ஸில் எழுத்துகளின் ஓரத்தைப் பாருங்கள். ஊசி குத்தியது போன்ற பொடிக் குழிகள் தெரிந்தால் அது அச்சில் அடித்ததல்ல, உருக்கி வார்த்த போலி.

கறுத்துப்போன காசைப் புளி போட்டுத் தேய்க்கலாமா?

வேண்டவே வேண்டாம். அந்தக் கறுப்பு பல வருஷம் படிந்தது. தேய்த்தால் காசின் மதிப்பும் அதோடு போய்விடும்.

16-10 என்று தேதி. எந்த ஆண்டு?

முதல் எண் அறுபது ஆண்டுச் சுற்று, அடுத்தது அந்தச் சுற்றில் எத்தனையாவது ஆண்டு என்பது. சுற்றின் எண்ணில் ஒன்றைக் கழித்து 60-ஆல் பெருக்கி, ஆண்டைக் கூட்டி, 1026 சேருங்கள்: 900 + 10 + 1026 = 1936. ஆனால் காங்-பார் என்ற வகைத் தங்காவில் 13-46 என்று கண்டதும் 1792 என்று முடிவு கட்டாதீர்கள். அதே தேதியைப் போட்டு 19-ஆம் நூற்றாண்டிலும் அடித்திருக்கிறார்கள்.